பரணில் பதுங்கியிருந்த வாட்ச்! - சுவிஸ் மலையூர் லு லோக்லில் ஒரு சுற்று

சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் ஏரிக்கரையிலிருந்து மலையேறும் ரயில், ஷாம்ப்ரெலியன் என்ற குட்டி ஸ்டேஷனில் நிற்கும். ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்குப் போவார். ரயில் வந்த திசையிலேயே திரும்பக் கிளம்பும். புதிதாக வருபவர்கள், 'அய்யோ, வந்த வழியே போகிறதே!' என்று பதறுவார்கள். பதற வேண்டாம். செங்குத்தான சரிவில் பாதையை வளைக்க இடமில்லாததால், இங்கே திசையை மாற்றி மேலே ஏற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் லா ஷோ-ட்-ஃபோன் நகரம் வந்துவிடும். நம் ஏற்காட்டைவிட உயரம் குறைவுதான். ஆனால், குளிர்காலத்தில் வாசற்படி மறையும் அளவுக்குப் பனி கொட்டும்.

அங்கே ரயில் மாறி இன்னும் 10 நிமிடம் போனால் லு லோக்ல். பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கில், சுமார் 10,000 பேர் வசிக்கும் சின்ன ஊர். பெயர் புதிதாக இருக்கிறதா? டிசோ வாட்ச் பிரியர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். அந்தக் கம்பெனி பிறந்த ஊர் இதுதான். ஒரு மாடலுக்கே 'லு லோக்ல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பழைய குரோனோகிராஃப் வாட்ச்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களுக்கு இந்த ஊர் கிட்டத்தட்ட ஒரு புண்ணிய ஸ்தலம். அவர்கள் இங்கே பார்க்க ஏங்குவது ஏரியையோ மலையையோ அல்ல. ஒரு ஃபேக்டரியின் உச்சியில் இருக்கும் பழைய பரண் ஒன்றை!

பட்டனைத் தட்டினால் ஓடும் முள்

கதைக்குள் போகும் முன், குரோனோகிராஃப் என்றால் என்ன? நேரம் காட்டுவதோடு, உள்ளேயே ஒரு ஸ்டாப் வாட்ச்சும் இருக்கும் வாட்ச். வலது பக்கம் சாவி கொடுக்கும் திருகுக்கு மேலேயும் கீழேயும் இரண்டு பட்டன்கள் இருக்கும். மேல் பட்டனைத் தட்டினால் நடு முள் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். கீழ் பட்டனைத் தட்டினால் 'டக்'கென்று பூஜ்யத்துக்குத் திரும்பும். டயலுக்குள் குட்டிக் குட்டி வட்டங்கள், நிமிடத்தையும் மணியையும் எண்ணிக்கொண்டிருக்கும்.

பேட்டரி இல்லாத காலத்தில் இதைச் செய்தது முழுக்க முழுக்க பல்சக்கரங்கள்தான். ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தோடு இன்னொரு சக்கரத்தை, நேரம் தவறிவிடாமல் கோக்க வேண்டும். பிறகு பிரிக்க வேண்டும். ஓடும் வண்டியில் கிளட்ச் போடுவது மாதிரி. முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது இதய வடிவில் வெட்டிய ஒரு சின்னத் தகடு. 1844-ல் காப்புரிமை பெற்ற யோசனை அது. எந்த இடத்தில் முள் நின்றிருந்தாலும், ஒரு நெம்புகோல் வந்து அந்த இதயத்தை அழுத்தினால், அது சறுக்கித் தன் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இதெல்லாம் வெறும் அலங்காரத்துக்காகச் செய்யப்படவில்லை. டயலின் ஓரத்தில் இருக்கும் எண்களைப் பார்த்தாலே யாருக்காகச் செய்த வாட்ச் என்று தெரிந்துவிடும். டாக்டருக்கான வாட்ச்சில் நாடித்துடிப்பு அளவு இருக்கும். 15 அல்லது 30 துடிப்பு எண்ணி பட்டனைத் தட்டினால், நிமிடத்துக்கு எத்தனை என்று முள்ளே காட்டும். கார் பந்தயக்காரருக்கு வேக அளவு. ராணுவ வீரருக்குத் தூர அளவு: பீரங்கியின் வெளிச்சம் தெரிந்ததும் ஒரு தட்டு, சத்தம் கேட்டதும் ஒரு தட்டு, எதிரி எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே இதே கணக்கைப் போட்டு, மழை எவ்வளவு தூரத்தில் வருகிறது என்றும் பார்க்கலாம்.

ஊரே ஒரு ஃபேக்டரி

இனி ஊருக்குள் நடக்கலாம். முதலில் லா ஷோ-ட்-ஃபோன். 1794-ல் பெரும் தீ விபத்தில் ஊரின் பெரும்பகுதி சாம்பலானது. அதன் பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேர் நேரான தெருக்களாகக் கட்டினார்கள். வரிசை வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் தோட்டம், ஒவ்வொரு வீட்டிலும் நீளமான ஜன்னல்கள். அழகுக்காக இல்லை, வெளிச்சத்துக்காக! கண்ணுக்கே தெரியாத திருகை முடுக்குபவருக்குச் சூரிய ஒளிதான் முதல் கருவி. வீட்டின் மேல்மாடியில் ஜன்னல் ஓரம் மேஜை போட்டு, ஒருவர் பல்சக்கரம் வெட்டுவார், அடுத்த தெருவில் ஒருவர் டயலுக்கு எனாமல் பூசுவார், மூன்றாவது தெருவில் முள் செய்வார்கள். எல்லாம் கடைசியில் ஓரிடத்தில் சேர்ந்து வாட்ச் ஆகும். நம் சிவகாசியிலும் திருப்பூரிலும் ஊரே ஒரு தொழிலுக்குள் இருப்பது மாதிரிதான். காரல் மார்க்ஸ் தன் 'மூலதனம்' நூலில் இந்த ஊரையே ஒரு பெரிய வாட்ச் ஃபேக்டரியாகப் பார்த்து எழுதியிருக்கிறார். 2009-ல் யுனெஸ்கோ இந்த ஊரையும் லு லோக்லையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

டயலுக்கு எனாமல் பூசும் குடும்பம் ஒன்றில் 1887-ல் இங்கே ஒரு பையன் பிறந்தான். வாட்ச் மூடியில் சித்திர வேலை செய்யத்தான் முதலில் படித்தான். பிறகு கட்டடக் கலைக்குத் தாவி, பெயரை மாற்றிக்கொண்டு, பல வருடங்கள் கழித்து இந்தியாவுக்கும் வந்து சண்டிகர் நகரத்தை வடிவமைத்தார். ஆமாம், லெ கார்பூசியேதான்! நேர் நேரான தெருக்களில் வளர்ந்தவர் சண்டிகரைக் கட்டம் கட்டமாக வரைந்ததில் ஆச்சர்யம் என்ன இருக்கிறது?

அவர் 1912-ல் கட்டிய ஒரு வீடு லு லோக்லிலும் இருக்கிறது. கட்டச் சொன்னவர் ஜார்ஜ் ஃபாவ்ர்-ஜாகோ. 1865-ல் தன் 22-வது வயதில் 'ஜெனித்' வாட்ச் கம்பெனியைத் தொடங்கியவர். தெருவுக்குத் தெரு சிதறிக் கிடந்த வேலைகளையெல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் கொண்டுவந்தவர். காந்தியடிகளின் இடுப்பில் தொங்கிய பாக்கெட் வாட்ச் நினைவிருக்கிறதா? அது ஜெனித்தான். 2009-ல் நியூயார்க்கில் காந்தியின் மூக்குக்கண்ணாடி, செருப்போடு சேர்த்து ஏலத்துக்கு வந்து, 18 லட்சம் டாலருக்கு விஜய் மல்லையா எடுத்தாரே, அதே வாட்ச்.

லு லோக்லில் ஏன் இத்தனை வாட்ச் கம்பெனிகள்? ஊர் நடுவில் டானியல் ஜான்ரிஷாரின் சிலை நிற்கிறது. 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குதிரை வியாபாரி ஒருவர் கொண்டுவந்த லண்டன் கடிகாரம் ரிப்பேராக, இந்தக் கொல்லர் வீட்டுப் பையன் அதைச் சரிசெய்து, பிறகு அதே போல ஒன்றைத் தானே செய்துவிட்டான் என்பது செவிவழிக் கதை. கதை எவ்வளவு நிஜமோ, ஒன்று மட்டும் உண்மை. ஆறு மாதப் பனியில் விவசாயம் நடக்காது. மாட்டுக்கொட்டகைக்கு மேலே உட்கார்ந்து உழவர்கள் பல்சக்கரம் ராவினார்கள்.

1969: யார் முதல்?

1960-கள் வரை குரோனோகிராஃப்களுக்கெல்லாம் கையால்தான் சாவி கொடுக்க வேண்டும். கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபை யாராலும் செய்ய முடியவில்லை. ஜெனித் 1962-ல் வேலையைத் தொடங்கியது. 1965-ல் வரும் நூற்றாண்டு விழாவுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள். முடியவில்லை. 1969 ஜனவரி 10-ம் தேதிதான் அறிவிக்க முடிந்தது. பெயர், 'எல் ப்ரிமேரோ'. ஸ்பானிஷ் மொழியில் 'முதலாவது' என்று அர்த்தம்.

அதே ஆண்டு மார்ச்சில் ஹோயர், பிரைட்லிங் உள்ளிட்ட கம்பெனிகள் கூட்டாக இன்னொன்றை வெளியிட்டன. ஜப்பானில் சைக்கோவும் சத்தமில்லாமல் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. முதலில் அறிவித்தவரா, முதலில் விற்றவரா, யார் முதல்? இரண்டு சேகரிப்பாளர்களை ஒரே அறையில் உட்காரவைத்து இந்தக் கேள்வியைக் கேட்டால் போதும், அன்றைய பொழுது போய்விடும்.

ஆனால், எல் ப்ரிமேரோவிடம் இருந்த ஒன்று மற்றவர்களிடம் இல்லை. அது மணிக்கு 36,000 முறை துடித்தது. அதாவது, நொடிக்கு 10 துடிப்பு. நொடியில் பத்தில் ஒரு பங்கை முள்ளால் காட்ட முடிந்தது. சாதாரண வாட்ச்கள் அப்போது மணிக்கு 18,000 அல்லது 21,600 துடிப்பில் ஓடிக்கொண்டிருந்தன.

சந்தோஷம் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. 1969 கிறிஸ்துமஸ் அன்று சைக்கோ, உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரியில் ஓடும், சாவி வேண்டாம், நேரம் துல்லியம். சில வருடங்களில் விலையும் சரிந்தது. சுவிஸ் மலையூர்களில் பட்டறைகள் ஒவ்வொன்றாக இருண்டன. 1970-ல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த தொழிலில், 1980-களின் நடுவில் ஏறக்குறைய 30,000 பேர்தான் மிஞ்சினார்கள். ஒரு வீட்டில் மூன்று பேர் வேலைக்குப் போனால், இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெர்மோ ஏறிய படிகள்

இந்த நேரத்தில் ஜெனித் கம்பெனி, அமெரிக்கர் கையில் இருந்தது. சிகாகோவில் டி.வி., ரேடியோ செய்துகொண்டிருந்த கம்பெனி ஒன்று 1971-ல் வாங்கியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் பெயரும் ஜெனித்தான்! 1975-ல் சிகாகோவிலிருந்து உத்தரவு வந்தது. இனி குவார்ட்ஸ் மட்டும்தான். சாவி கொடுக்கும் வாட்ச்சுக்கான இயந்திரங்கள், அச்சுகள், கருவிகள் எல்லாம் வேண்டாம். எடைக்குப் போட வேண்டியதுதான்.

ஷார்ல் வெர்மோ அங்கே பட்டறை ஃபோர்மேன். குரோனோகிராஃப்களோடே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். இந்த வாட்ச்சுக்கு மறுபடி காலம் வரும், ஒரு சின்னப் பட்டறையையாவது ஒதுக்கி வையுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஏற்கவில்லை.

ஓர் அச்சு செய்ய எவ்வளவு உழைப்பு என்பது அவருக்குத் தெரியும். வாட்ச்சின் ஒவ்வொரு நெம்புகோலுக்கும் தகட்டுக்கும் தனித்தனி அச்சு. தலைமுடி அகலத்தில் ஒரு பங்கு விலகினாலும் சக்கரம் கோக்காது. எடைக்குப் போட்டுவிட்டால், ஒருநாள் மறுபடி வேண்டும் என்று தோன்றும்போது முதல் கோட்டிலிருந்து வரைய வேண்டும். வரையத் தெரிந்தவர்கள் இருப்பார்களா என்பதே கேள்வி.

வெர்மோ சத்தம் போடவில்லை, ஸ்ட்ரைக் செய்யவில்லை. மற்றவர்கள் கண்ணில் படாமல் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கருவிகளைப் பரணுக்கு ஏற்றினார். கனமான அச்சுகள், கேம்கள், வெட்டுக்கருவிகள், வரைபடங்கள். சும்மா குவித்துவைக்கவில்லை. எது எந்த வேலைக்கு, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று குறிப்பெழுதிக் கோப்பில் போட்டார். நம் வீட்டுப் பரணில் பாட்டியின் பித்தளை அண்டாவும் தாத்தாவின் டிரங்குப் பெட்டியும் கிடக்குமே, அந்த மாதிரி உலகின் மிகச் சிக்கலான வாட்ச் ஒன்றின் மொத்த ஜாதகமும் தூசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். ஊரில் அடுத்த வேலை கிடைக்கும் நிலைமையும் அன்று இல்லை.

1978-ல் கம்பெனி மறுபடி சுவிஸ் கைக்கு வந்தது. 1980-களின் தொடக்கத்தில் எபெல் என்ற கம்பெனி, மீந்துபோயிருந்த எல் ப்ரிமேரோ இயந்திரங்களை வாங்கித் தன் வாட்ச்களில் போட்டு விற்றது. ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள். ஸ்டாக் தீர்ந்தால்? புதிதாகச் செய்யத் திட்டம் போட்டார்கள். எதை வைத்துச் செய்வது என்ற கேள்வி வந்தபோதுதான், வெர்மோ அவர்களைப் பரணுக்குக் கூட்டிப்போனார். ஏறத்தாழ ஒன்பது வருடம் கழித்து அந்த அச்சுகள் கீழே இறங்கின. 1984-ல் எல் ப்ரிமேரோ மறுபடி பிறந்தது.

அடுத்து வந்தது யார் தெரியுமா? ரோலெக்ஸ்! 1988-ல் தன் புகழ்பெற்ற டேடோனா மாடலை ஆட்டோமேட்டிக் ஆக்கியபோது, உள்ளே வைத்தது இந்த லு லோக்ல் இயந்திரத்தைத்தான். தனக்கு ஏற்றபடி நிறைய மாற்றங்கள் செய்து, துடிப்பையும் 28,800 ஆகக் குறைத்துக்கொண்டது. 2000 வரை இந்த ஏற்பாடு தொடர்ந்தது. ஷோரூமில் வரிசையில் நின்று டேடோனா வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு வெர்மோவின் பெயர் தெரிந்திருக்கும்?

தங்கத்தைவிட ஸ்டீல் விலை!

லு லோக்லில் தப்பிப் பிழைத்தது, ஜெனீவாவில் விலை ஆகிறது. ஒவ்வொரு வருடமும் மே மாதமும் நவம்பரிலும் அங்கே ஏலங்கள் நடக்கும். 2016 நவம்பரில் பட்டேக் ஃபிலிப்பின் 1518 என்ற மாடல் 1.1 கோடி சுவிஸ் ஃப்ராங்குக்கு ஏலம் போனது. அப்போதைய மதிப்பில் 70 கோடி ரூபாய்க்கு மேல். 1941-ல் வந்த மாடல் அது. பெரும்பாலும் தங்கத்தில்தான் செய்தார்கள். ஸ்டீலில் இருப்பதாகத் தெரிந்தவை நாலே நாலு. ஏலம் போனது ஸ்டீல். தங்கத்தைவிட ஸ்டீலுக்கு விலை அதிகம் என்றால் நம் அம்மாக்கள் சிரிப்பார்கள்.

அடுத்த வருடம் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா, 1.77 கோடி டாலருக்குப் போனது. சுமார் 115 கோடி ரூபாய். கார் பந்தய வெறியரான அவருக்கு மனைவி ஜோன் உட்வர்ட், 'பார்த்து ஓட்டுங்கள்' என்ற பொருளில் பின்மூடியில் எழுதிப் பரிசளித்தது. நியூமன் அதைப் பிறகு மகளின் காதலருக்குச் சாதாரணமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்த டயல் டிசைன் கடைக்கு வந்த காலத்தில் சீந்த ஆளில்லாமல் கிடந்தது என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. விற்காததால் குறைவாகச் செய்தார்கள். குறைவாகச் செய்ததால் இன்று இந்த விலை.

பணம் இருக்கும் இடத்தில் பித்தலாட்டமும் வரும். 2021-ல் ஜெனீவாவில் 1957-ம் வருட மாடல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் ஃப்ராங்குக்கு மேல் போனது. வெயிலில் வெளுத்துக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்த டயல். வாங்கியது ஒமேகாவே, தன் மியூசியத்துக்காக! 2023-ல்தான் விஷயம் உடைந்தது. வெவ்வேறு வாட்ச்களின் பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்துச் செய்த ஒட்டு வாட்ச் அது. முன்னாள் ஊழியர்கள் சிலருக்கே இதில் தொடர்பு என்று ஒமேகா சொன்னது. செய்த கம்பெனியையே ஏமாற்ற முடியும் என்றால், நம்மைப் போன்றவர்கள் எந்த மூலைக்கு?

அதனால்தான் அனுபவமுள்ள சேகரிப்பாளர் பளபளப்பைக் கண்டால் பயப்படுகிறார். கேஸின் விளிம்பு கூராக இருக்கிறதா, பாலிஷ் போட்டு மழுங்கடித்துவிட்டார்களா என்று பார்க்கிறார். டயலின் எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கிறார். இருட்டில் ஒளிரும் பூச்சு, முள்ளிலும் டயலிலும் ஒரே மாதிரி பழுத்திருக்கிறதா என்று ஒப்பிடுகிறார். புதிதாகப் பெயின்ட் அடித்த டயலுக்கு மதிப்பு கிடையாது. கலர் கலராக டயல் மாற்றி இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பழைய வாட்ச்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர், 'மும்பை ஸ்பெஷல்'. நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

லு லோக்லுக்கும் நம் வீடுகளுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. அந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட ஃபேவர் லூபா நினைவிருக்கிறதா? அதன் பூர்விகமும் இதே ஊர்தான், ஆண்டு 1737. 2011-ல் அந்தப் பிராண்டை டாடா குழுமம் வாங்கியது, ஓசூரில் வாட்ச் செய்யும் டைட்டனும் அதே குழுமம்தான். பின்னர் அது வேறு கைக்கு மாறிவிட்டது. தாத்தாவின் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால், பாலிஷ் போடவோ டயலை மாற்றவோ கொடுத்துவிடாதீர்கள். பில்லோ டப்பாவோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். 1960-களுக்கு முந்தைய ஒளிரும் டயல் என்றால் வீட்டிலேயே கண்ணாடியைத் திறக்கவும் வேண்டாம். 'ரேடியம் டயல்' என்று நாம் சொல்வது சும்மா பேச்சுக்கு அல்ல, பலவற்றில் நிஜமாகவே ரேடியம்தான் பூசியிருப்பார்கள்.

ஜெனித் ஃபேக்டரி இன்றும் அதே இடத்தில் இயங்குகிறது. சுற்றுலாத் துறை வழியாக முன்பதிவு செய்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம். கீழே வெள்ளை கோட் போட்டவர்கள் புத்தம்புது வாட்ச்களைக் கோத்துக்கொண்டிருப்பார்கள். அதையெல்லாம் தாண்டிப் பரணுக்கு ஏறினால், மர அலமாரிகள், பழைய அச்சுகள், கருவிகள், பெட்டிகள். வாட்ச்சே கட்டாதவர்கள்கூட அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்வார்களாம்.

நேரம் இருந்தால் குன்றின் மேல் இருக்கும் ஷாத்தோ தெ மோன் மாளிகையின் கடிகார மியூசியத்தையும் பார்த்துவிட்டு இறங்கலாம். திரும்பும்போது ரயில்வே கடிகாரத்தைக் கவனியுங்கள். சிவப்பு நொடிமுள் 58.5 நொடியிலேயே ஒரு சுற்றை முடித்துவிட்டு, 12-ல் வந்து நின்று காத்திருக்கும். சிக்னல் வந்ததும் நிமிட முள் ஒரு தாவல் தாவும். ரயில் கிளம்பும்.